கண்டுபிடித்த கோளாறை எழுதி வையுங்கள்

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் மாடி அறையில் ஞாயிறுதோறும் போர்டும் வயருமாகக் கூடுகிற பிள்ளைகளே, ரேடியோ, டிவி, யுபிஎஸ் என்று ரிப்பேர் மேசையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. கண்டுபிடித்ததை எழுதி வையுங்கள். அடுத்தவர் தேடி எடுக்கிற இடத்தில் எழுதி வையுங்கள்.

நீங்கள் எழுதாமல் இல்லை. வாட்ஸாப் குழுவில் நடுராத்திரி வரை எழுதுகிறீர்கள். உதாரணத்துக்கு, பிசி547 டிரான்சிஸ்டரின் தட்டை முகம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். அச்சு அசலாக அதே உருவத்தில் இருக்கும் 2என்3904-க்கு வரிசை தலைகீழ். ஒன்றுக்குப் பதில் மற்றதை மாட்டிவிட்டுப் புதுப் பிள்ளை முழிக்கும். விவரம் தெரிந்தவர் பொறுமையாகப் பதில் சொல்வார். அடுத்த வருஷம் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த வருஷம் அவர் ஓசூரில் வேலைக்குப் போயிருப்பார். பழைய பதில் பொங்கல் வாழ்த்துகளுக்கு அடியில் எங்கோ கிடக்கும்.

எங்கள் காலத்தில் ஐசியின் மேல் இருக்கும் எண்ணைச் சுரண்டிவிடுகிற மெக்கானிக்குகள் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான். வயிற்றுப் பிழைப்பு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களோடு எவ்வளவோ வித்தை போய்விட்டது. ஆசைக்குச் செய்கிற உங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?

நம் ஊர்ப் பெயரிலேயே வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்தால் இன்னொருவர் பிழை பார்ப்பார். இருவர் பெயரும் நூலின் தொடக்கத்திலேயே இருக்கும். முன்பு டிஸ்கி குறியீட்டில் இருந்ததைப் பிறகு யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது, ஏனென்றால் அது எழுத்தாகவே இருந்தது, படமாக இல்லை. நீங்களும் சர்க்யூட்டைப் போட்டோவாக மட்டும் போடாதீர்கள். கீகேட் (KiCad) மென்பொருளில் வரைந்த கோப்பையும் சேர்த்து வையுங்கள், அடுத்தவர் திருத்தலாம்.

இதற்கெல்லாம் ஏற்ற இடம், எல்லோரும் எழுதித் திருத்தக்கூடிய விக்கித் தளம். அதை அமைப்பது பெரிய வேலையே இல்லை. டோக்குவிக்கி போதும். இலவசம், டேட்டாபேஸ் வேண்டாம், பக்கங்கள் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாக இருக்கும், ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகல் எடுக்கலாம். யார் எதை மாற்றினாலும் பழைய வடிவம் பத்திரமாக இருக்கும். அதனால் தப்பாகிவிடுமோ என்று பயப்படாமல் எழுதுங்கள்.

எழுதும் முறைதான் கஷ்டம். தலைப்பு தேடுகிறவர் வாயில் வருகிற மாதிரி இருக்கட்டும். "கெப்பாசிட்டர் பழுது" என்று போட்டால் விஷயம் தெரிந்தவருக்கே புரியும். "ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது" என்று போடுங்கள். அப்புறம் மீட்டரில் என்ன காட்டியது, எதை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை, கடைசியில் எது சரிசெய்தது, எல்லாம் வேண்டும். சரியாகாமல் போன முயற்சிகளை விட்டுவிடாதீர்கள்; அடுத்தவருக்கு அரை நாள் மிச்சமாவது அதில்தான். ஆபத்து இருந்தால் பக்கத்தின் முதல் வரியிலேயே வரவேண்டும். எஸ்எம்பிஎஸ் சப்ளையில் 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் நிற்கலாம். இதைப் பக்கத்தின் கடைசியில் படிக்கிற பிள்ளை அதற்குள் கை வைத்திருக்கும்.

இன்னொன்று, விக்கியின் டொமைன் ஒருவர் பெயரிலும் பாஸ்வேர்டு அவர் மண்டைக்குள்ளும் இருக்க வேண்டாம். எப்போதும் இரண்டு பேர் கையில் இருக்கட்டும். படிப்பு முடிந்து ஊரை விட்டுக் கிளம்புகிறவர், அடுத்தவரை உட்கார வைத்து ஒரு முறை பேக்கப் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு பஸ் ஏறட்டும்.