பிள்ளைக்கு அடங்காத தாகமா? ஒரு சொட்டு ரத்தம் பார்த்துடுங்க

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில தண்ணீர்ப் பந்தல்ல நிக்கிற நாங்க ஒண்ணு சொல்றோம். வெயில் தாகம் ரெண்டு கப் தண்ணியில அடங்கிடும். அடங்காத தாகத்தை வெயில்னு விட்டுடாதீங்க.

பிள்ளை ஓயாம தண்ணி கேக்குது, ராத்திரி எழுந்து எழுந்து ஒண்ணுக்குப் போகுது, நின்னுபோன படுக்கை நனைக்கிறது திரும்ப வருது, நல்லா சாப்பிட்டும் இளைக்குதுன்னா, அது முதல் வகை இனிப்பு நீரா இருக்கலாம். கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்களை உடம்பே அழிச்சிடுறதால வர்றது இது. மிட்டாய் தின்னதால வர்றதில்ல. பெத்தவங்க குற்றமும் இல்ல.

தோட்டத்துப் பெரியவங்க மூத்திரத்துல எறும்பு மொய்க்குதான்னு பார்ப்பாங்க. எறும்பு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். சுங்கை சிப்புட்டோ ஈப்போவோ, அன்னிக்கே பக்கத்து கிளினிக்குக்குப் போங்க. விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் போதும், பட்டினி கிடக்க வேணாம். இந்த அறிகுறிகளோட 11.1 மில்லிமோலோ அதுக்கு மேலயோ காட்டினா, உடனே ஆஸ்பத்திரிதான். தாமதிச்சா ரத்தம் அமிலமாகி வயித்துவலி, வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம்னு உயிருக்கே ஆபத்தாயிடும்.

1922 ஜனவரியில டொரோண்டோவுல 14 வயசு லெனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் ஊசி போட்டாங்க. அதுக்கு முன்ன இந்தப் பிள்ளைகளைக் காப்பாத்த வழியே இல்ல. இன்னிக்கு ஊசி போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கும் போறாங்க, பந்தும் விளையாடுறாங்க.

திருநீறு பூசுங்க, நேர்த்திக்கடன் வையுங்க. கிளினிக்குக்கு மட்டும் அன்னிக்கே போயிடுங்க. முருகன் துணை.