கண்டர்ஸ்வில் ஏரியில் ஒரு மாசிக் காலை

மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பது யாழ்ப்பாணத்தார் வாக்கு. அப்பனிக்கே போர்வை தேடும் நாம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, மார்ச் மாத முதல் வாரத்து விடியற்காலையில், திறந்த படகொன்றில் தூண்டிலும் கையுமாக விறைத்துப்போய் அமர்ந்திருந்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நண்பரொருவரின் தூண்டுதலே அதற்குக் காரணம். அவரோ குளிருக்கு அஞ்சி விடுதியிலேயே தங்கிவிட்டார்!

கண்டர்ஸ்வில் ஏரி இயற்கை தந்ததன்று. டெனசி ஆற்றை மறித்து 1939ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட அணை தேக்கிய நீர் அது. நீளம் சுமார் 75 மைல். பரப்பு ஏறத்தாழ 69,000 ஏக்கர். இரணைமடுவைக் கண்டு வியந்த எமக்கு அது கடலாகவே தோன்றிற்று.

இங்கே மக்கள் நாடி வருவது ‘லார்ஜ்மவுத் பாஸ்’ என்னும் மீனை. பெருவாயன் என நாம் பெயரிடலாம். வாயை மூடியிருக்கும்போதும் அதன் தாடை கண்ணுக்கும் அப்பால் நீண்டிருக்கும். கோடையில் தவளையைக்கூடப் பாய்ந்து விழுங்கும் இம்மீன், குளிர்நீரில் துறவிபோல் அடங்கிவிடுகிறது. நீர் குளிர்ந்தால் அதன் உடலும் குளிரும். இரை செரிப்பதும் தாமதமாகும். ஆகவே, விரைந்தோடும் இரையை அது துரத்துவதில்லை. மூக்கின் முன்னே தள்ளாடி வருவதையே வாய்க்குள் இழுத்துக்கொள்ளும்.

“இழுங்கள், நிறுத்துங்கள், பத்து எண்ணுங்கள்” என்றார் முதியவரான படகோட்டி. ஈயத் தலையில் மயிர்க்குஞ்சம் கட்டிய தூண்டிலை அடித்தரையிலே அரக்கி அரக்கி இழுக்கவேண்டும். நாமோ நான்கு எண்ணுமுன்பே சுருளைச் சுழற்றினோம். ஒருமுறை நூல் சற்றே கனத்தது. பாசி என்றெண்ணி வாளாவிருந்தோம். கனம் அகன்றது. “அதுதான் மீன்” என்றார் அவர், முகத்தில் மாற்றமின்றி. குளிர்நீரில் பெருவாயன் வெடுக்கென்று பற்றுவதில்லை என்பதை இவ்வாறு கற்றோம்.

நண்பகலுக்குப்பின் குடா ஒன்றின் வடகரைக்குப் படகைச் செலுத்தினார். அக்காலத்தில் சூரியன் தென்வானிலே சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய அக்கரை நாள் முழுவதும் வெயில் காய்கிறது. அங்குள்ள பாறைகள் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கின்றன. காலையில் பாரன்ஹீட் 48 பாகை காட்டிய கருவி இங்கே 52 காட்டியது. நாலு பாகைதானே என்று நாம் நினைத்தோம். மீனுக்கு அது பெரிய செய்தி. நீர் 60 பாகையைத் தாண்டியதும் ஆண்மீன் ஆழமற்ற தரையை வாலால் துடைத்துக் கூடு செய்யும். பெண்மீன் முட்டையிட்டுச் செல்ல, ஆணே காவல் நிற்கும். அந்நாளை எதிர்நோக்கிச் சினைமீன்கள் ஆழத்தின் விளிம்பிலே காத்திருக்கும் காலம் இது.

இம்முறை பத்து எண்ணினோம். ஒன்பதிலே நூல் பக்கவாட்டில் நகர்ந்தது. தடியை உயர்த்தினோம், வளைந்தது! சில நிமிடங்களில் ஐந்து இறாத்தல் மதிக்கத்தக்க பெருவாயன் எம் கையில் இருந்தது. பச்சை மேனி, பக்கவாட்டிலே கருங்கோடு, பருத்த வயிறு.

நல்ல குழம்பு ஒன்று எம் மனக்கண்ணில் கொதிக்கத் தொடங்கியது. அதைக் கொண்டுசெல்லச் சட்டத்திலும் தடையில்லை. படகோட்டி எதுவும் கூறவில்லை. அதன் வயிற்றை மட்டும் விரலால் சுட்டிக்காட்டினார். விரால் தன் குஞ்சுகளைக் காத்துநிற்பதை எம் குளங்களிற் கண்டிருக்கிறோம். அவ்வேளை பார்த்து அதனைப் பிடித்துக் கறிசமைத்தவர்களுள் நாமும் ஒருவர். அந்நினைவு அப்போது ஏன் வந்ததோ!

மீனைக் குனிந்து நீரிலே பிடித்தோம். கை மரத்துப்போயிற்று. செவுள்கள் இருமுறை அசைந்தன. பின்னர் அவசரமேயின்றி அது ஆழத்தினுட் சென்றது.

அன்றிரவு கரையோர உணவுச்சாலையில் எமக்குக் கிடைத்தது, பண்ணையில் வளர்த்த கெளிற்று மீனின் பொரியல். நண்பர் இரண்டு தட்டு உண்டார்.