காமிரா சொன்ன தேதி

"தாத்தா, நான் பொறக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே பாட்டி என்னைத் தூக்கி வெச்சிண்டிருக்காளே, எப்படி?"

பேத்தி கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் கான்பூரில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் திரையில் கைக்குழந்தையுடன் அவர் மனைவி. கீழே தேதி: 2006 ஜனவரி 3. குழந்தை பிறந்ததோ 2009 பிப்ரவரியில்.

தவறு அவருடையதுதான். பென்சில் பேட்டரி போடும் பழைய டிஜிட்டல் காமிரா அது. பேட்டரியைக் கழற்றிச் சில நாட்கள் சும்மா வைத்தால் உள்ளே இருக்கும் கடிகாரம் நின்றுவிடும். புது பேட்டரி போட்டதும் 2006 ஜனவரி 1, நள்ளிரவு 00:00 என்று காட்டி, சரியா என்று கேட்கும். அவர் ஒவ்வொரு முறையும் 'ஓகே' அழுத்தியிருக்கிறார். 30 வருடம் வவுச்சர்களில் தேதி சரிபார்த்தவர்!

ஒவ்வொரு படத்தின் ஃபைலுக்குள்ளும், எடுத்த நேரத்தை வினாடி சுத்தமாகக் காமிரா எழுதிவைக்கிறது. எக்ஸிஃப் என்று பெயர். படங்களை வரிசைப்படுத்தும் மென்பொருள் அதைத்தான் நம்பும். திருத்துவது கஷ்டமில்லை. கனடாக்காரர் ஃபில் ஹார்வி 2003-ல் வெளியிட்ட எக்ஸிஃப்டூல் இலவசம். இத்தனை நாள், இத்தனை மணி கூட்டு என்று ஒரு வரி எழுதினால் நூற்றுக்கணக்கான படங்கள் நகர்ந்துவிடும். எத்தனை நாள் கூட்டுவது? அதற்குப் படத்துக்குள்ளேயே ஒரு சாட்சி வேண்டும்.

முதல் சாட்சி சூரியன். 2009 ஜூலை 22, முழு சூரிய கிரகணம். தம்பதி இருவரும் வாரணாசி போயிருந்தார்கள். காலை 6.24 மணி அளவில் கங்கைக்கரை இருண்டதை அவர் படம் எடுத்தார். காமிரா அதற்கு இட்ட நேரம் 2006 ஜனவரி 9, இரவு 8.10. (இருட்டைப் பார்த்தால் அதுவும் நம்பும்படியாகத்தான் இருக்கிறது.) வித்தியாசம் 1,289 நாள், 10 மணி, 14 நிமிடம். கூட்டினார். அதே பயணத்தில் எடுத்த ரயில் நிலையப் படம் ஒன்றில் பிளாட்பாரக் கடிகாரம் தெரிகிறது; திருத்திய நேரத்துக்கும் அதற்கும் இரண்டே நிமிடம்தான் வித்தியாசம். கைக்குழந்தை படம் ஜூலை 15-க்கு வந்து சேர்ந்தது. பேத்திக்கு வயது ஐந்து மாதம்.

அந்தக் கணக்கு மற்ற படங்களுக்குச் செல்லவில்லை. பேட்டரி மாற்றிய ஒவ்வொரு முறையும் ஒரு புது 2006 பிறந்திருந்தது. ஒரு தொகுதியை 2010 நவம்பர் 5 தீபாவளி காப்பாற்றியது. இன்னொன்றை, டிவி திரையில் தெரிந்த 2011 ஏப்ரல் 2 உலகக் கோப்பை இறுதி ஆட்டம்.

ஒரே ஒரு படம் எதிலும் சேரவில்லை. மொட்டை மாடி வெயிலில் ஸ்வெட்டருடன் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே மனைவி சிரிக்கிறார். மெமரி கார்டு புதிது. படத்தின் எண் 0001. குளிர்காலம் என்பது நிச்சயம். எந்தக் குளிர்காலம்? நோயைச் சொன்ன பரிசோதனை அறிக்கையின் தேதி 2010 நவம்பர் 18. அவர் இறந்தது 2012-ல். அந்தச் சிரிப்பு அறிக்கைக்கு முன்பா, பின்பா?

"முன்னாடின்னே போடுங்கோப்பா, யார் கேக்கப் போறா?" என்றாள் மகள், போனில்.

நியாயமான யோசனைதான். மென்பொருளும் கேள்வி கேட்காது. 2009 டிசம்பர் 20 என்று டைப் செய்தார். மணி 11 என்றுகூடச் சேர்த்தார். அந்தப் பொய்யில் ஒரு குறையும் தெரியவில்லை. நாலு வருடம் கழித்து அவரே அதை நம்பிவிடுவார். என்டர் அழுத்தவில்லை; அழித்துவிட்டார்.

அந்தப் படம் இன்னும் 2006 ஜனவரி 1, 00:03-லேயே இருக்கிறது. அந்த மூன்று நிமிடம் மட்டும் பொய்யில்லை. மாடியில் உட்கார்ந்து பேட்டரி மாற்றி, திரையைப் பார்க்காமல் அவர் 'ஓகே' அழுத்திய பிறகு கழிந்த நிமிடங்கள் அவை. "தேதியைப் பாருங்கோளேன்" என்று மனைவி சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்குத்தான் சிரித்தாரோ என்னவோ.