பனிக்கட்டி பெட்டிக்குள்

கனடாவில் இருக்கும் சிநேகிதன் நேற்று ஒரு வீடியோ அனுப்பினான். டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி உறைந்து கிடக்கிறது. நாலு சக்கர வண்டியில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, புல்டோசர் மாதிரி ரப்பர் பட்டை மாட்டி ஏரி நடுவே போகிறார்கள். பாரம் பரவுவதால் பனியில் புதையாதாம். அங்கே குழி துளைத்துத் தூண்டில். "நம்ம ஊர்ல இப்படி உண்டாடா?" என்று கேட்டான்.

உண்டே! கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணை தாண்டி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் மீன்காரரின் டிவிஎஸ் எக்ஸ்எல் 100. நம் பனிக்கட்டி ஏரியில் இல்லை, பின்னால் கட்டிய தெர்மாகோல் பெட்டியில்.

99.7 சிசி. கியர் கிடையாது. அதனால் கைவைக்க வேண்டிய இடம் பின் ஸ்ப்ராக்கெட்தான். பல் கூடினால் வேகம் குறையும், இழுவை ஏறும். மலைக்கு வேகம் எதற்கு? இரும்புப் பைப்பில் வெல்டிங் செய்த கேரியர், மண் பாதைக்குப் பட்டன் டயர். பின்பாரம் அதிகமானால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். அதற்குக் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை. இதை எந்தப் பொறியாளரும் சொல்லித்தரவில்லை.

போன மார்கழியில் அந்த மீன்கார அண்ணனிடம் வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டினேன். ஏறும்போது ராஜா. இறங்கும்போது கை நடுங்கிவிட்டது.

கல்வராயன் மலைக்கு வண்டியில் வருகிறவர்களே, இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள். டிரம் சூடேறினால் பிடிக்காது. நடுவில் நிறுத்தி ஒரு டீ குடியுங்கள்.