சுண்ணாம்புக் கோடு

அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பேத்தியின் ஸாப்ட்பால் பந்தயத்துக்குப் போயிருந்தேன். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட்தான். ஆனால் மட்டையைப் பிடித்து நிற்பது நம் வீட்டுக் குழந்தை என்றால் எந்த ஆட்டமும் புரிந்துவிடுகிறது.

முதல் தளத்தில் நின்ற அவள் தோழி, பந்து வீசப்பட்டதுமே இரண்டாம் தளத்தை நோக்கி ஓட்டம் எடுத்தாள். இடையே 60 அடி. பேத்தி ஓங்கி வீசினாள். மட்டையில் பந்து படவில்லை. வீசின வேகம் அவளை முன்னால் தள்ளிவிட்டது. பின்னால் பந்தைப் பிடித்த பெண், ஓடுகிறவளை மடக்க எறியப் போனாள். எதிரே என் பேத்தி! அம்பயர் ஆட்டத்தை நிறுத்தினார். பேத்தி அவுட், தோழி பழையபடி முதல் தளத்துக்கே திரும்ப வேண்டும்.

காரில் வரும்போது அழுதாள். "நான் வேணும்னு செய்யலே, தாத்தா!"

வீட்டுக்கு வந்து விதிகளைப் படித்துப் பார்த்தேன். அடிப்பவர் நிற்க 3 அடி அகலம், 7 அடி நீளத்தில் ஒரு சுண்ணாம்புக் கட்டம். அதற்குள்ளேயே நிற்பவர், மறிக்கவென்று ஏதாவது செய்தால் ஒழியக் குற்றமில்லை. கோட்டைத் தாண்டி வந்து மறித்துவிட்டாலோ, எண்ணம் என்னவென்று யாரும் கேட்பதில்லை.

இது அநியாயம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் 1975-ஆம் வருஷத்துச் சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. சின்சினாட்டியில் பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், 5-5 என்று சமநிலை. எட் ஆம்பிரிஸ்டர் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடப் புறப்பட்டார். பந்தை எடுக்க வந்த பாஸ்டன் வீரர் கார்ல்டன் பிஸ்க்கும் அவரும் மோதிக்கொண்டார்கள். பிஸ்க் எறிந்த பந்து எங்கோ போயிற்று. வேண்டுமென்று மறிக்கவில்லை என்று அம்பயர் லாரி பார்னெட் ஆட்டத்தைத் தொடரவிட்டார். சின்சினாட்டி 6-5 என்று ஜெயித்தது. பார்னெட்டுக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. பிறர் மனசுக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்வது அவ்வளவு லேசான காரியமல்ல.

பேத்தியைக் கூப்பிட்டேன். "அம்பயர் உன்னைப் பொல்லாதவள்னு சொல்லலேம்மா. உன் கால் எங்கே இருந்ததுன்னுதான் சொன்னார்."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மருமகள் அவளைப் பாடம் படிக்கச் சொன்னாள். "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன், பாவம்" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல எண்ணந்தான். ஆனால் சுண்ணாம்புக் கோடு ஞாபகத்துக்கு வந்தது. பேசாமல் என் அறைக்குப் போய்விட்டேன்.