பீஷ்மருக்காக அழுதவர்கள்

1990-ஆம் ஆண்டு. கீழ்பென்னாத்தூரில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு டெலிவிஷன். ஞாயிற்றுக்கிழமை காலையில் 'மகாபாரதம்' தொடங்கினால் தெரு முழுவதும் அந்த வீட்டுக் கூடத்தில்தான் இருக்கும். பேச்சோ இந்தி, ஒருவருக்கும் புரியாது. புரியாவிட்டால் என்ன? எங்கள் பக்கத்து அக்கினி வசந்த விழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்த ஜனங்கள் அல்லவா?

பேரர்களை வளர்த்து நீதி சொல்லிக் கொடுத்த பீஷ்மர், பேரன் அம்பாலேயே சாய்ந்தார். கூடத்தில் ஒரே விசும்பல். எங்கள் ஆயா வாய்விட்டே அழுதுவிட்டாள். எனக்குச் சிரிப்பு.

"அவர் வேஷக்காரர், ஆயா! பேர் முகேஷ் கன்னா" என்றேன்.

"தெரியும்டா. வாத்தியாரு, உங்க தாத்தா, செத்தப்போ அவருகிட்டப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் அழுதுதுங்க. அதுங்களைத் தேத்தவே எனக்குப் பொழுது சரியாப் போச்சு. நான் எங்கே அழுதேன்?"

என் சிரிப்பு அடங்கிவிட்டது.

1997-இல் அதே முகேஷ் கன்னா 'சக்திமான்' ஆகிச் சுழன்று சுழன்று பறந்தார்.

"உன் பீஷ்மர் பிழைத்து வந்துவிட்டார், ஆயா!" என்றேன்.

ஆயா கண்ணை இடுக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"இவரு மட்டுந்தானா வந்தாரு?" என்றாள்.