கம்பியில்லா இணைப்பும் குடும்ப அமைதியும்

இல்லங்களில் எழும் பூசல்களுள் பல, காரணம் அறியாமையால் வளர்வன. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பு எங்கே என்று தேடுகிறோம். கண்ணுக்குப் புலனாகாத அலைகள் தடைப்பட்டாலோ, அருகிலிருப்பவரைக் கடிந்துகொள்கிறோம். தொலைக்காட்சியுடன் இணைத்துப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுப் பெட்டிகள் இத்தகைய பூசலுக்கு இன்று புதியதொரு வாயிலாகிவிட்டன.

அறந்தாங்கியில் நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று உண்டு. தந்தை சிங்கப்பூரில் பணிபுரிகிறார். ஞாயிறுதோறும் அங்கே இரவு 8 மணி ஆகும்போது இங்கே மாலை 5.30. அவர் தம் அறையிலும் மூத்த மகன் இங்குமாக, இணையத்தின் வழியே ஒரே கால்பந்தாட்டத்தை ஆடுவர். வாரத்தில் அவ்விருவரும் சேர்ந்து சிரிக்கும் நேரம் அது ஒன்றே. சில மாதங்களாக ஆட்டம் பாதியிலேயே அறுந்துகொண்டிருந்தது. தங்கை கைப்பேசியில் படம் பார்ப்பதே காரணம் என்று சினந்தான் மகன். பெட்டியை விற்றுவிடலாம் என்றார் தாய். நம்மை அழைத்தனர், எவரையும் குறைகூறுமுன் பழுது எங்குள்ளது என்று காண்போம் என்றோம்.

முதற் சோதனை மிக எளிது. பெட்டியை ரௌட்டரின் அருகே கொண்டுசென்று, பெட்டியிலேயே உள்ள இணைப்புச் சோதனையை நடத்திப் பார்க்க வேண்டும். அங்கும் தடுமாறினால், குறை பெரும்பாலும் ரௌட்டரிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ இருக்கும். ரௌட்டரை ஓரிரு நிமிடம் நிறுத்தி மீண்டும் இயக்கலாம். சரியாகாவிடில் இணைப்பு வழங்குவோரிடம் முறையிடலாம். அருகில் நன்றாகவும் தொலைவில் நலிந்தும் இருந்தால், இடையிலுள்ளதே தடை. அவ்வீட்டில் கண்டது இதுவே. ரௌட்டர் முன்னறையில் இரும்பு பீரோவின் பின்னே இருந்தது. விளையாட்டுப் பெட்டி பின்கட்டில் இருந்தது. நடுவே தடித்த செங்கற்சுவர்கள் இரண்டு.

அலைகள் சுவரை ஊடுருவும் என்பது புதுச் செய்தியன்று. கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபைத் தந்தை லஃபோனிடம் பயின்ற ஜகதீஷ் சந்திர போஸ், 1895ஆம் ஆண்டில் அந்நகரில், சுவர்களுக்கு அப்பாலிருந்த மணியை மின்காந்த அலைகளால் ஒலிக்கச் செய்து காட்டினார். எனினும் ஒவ்வொரு சுவரிலும் அலை தன் வலிமையில் ஒரு பங்கை இழக்கிறது. கம்பி பதித்த காங்கிரீட்டும் இரும்பும் தண்ணீர்த் தொட்டியும் இன்னும் மிகுதியாகத் தடுக்கின்றன. ஆதலால் ரௌட்டரை வீட்டின் நடுவே, உயரமான திறந்த இடத்தில் வைப்பதே முறை.

அடுத்து அலைவரிசையைக் கவனிக்க வேண்டும். இந்நாளைய ரௌட்டர்கள் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டில் இயங்குகின்றன. முன்னது சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால் அண்டை வீட்டு ரௌட்டர்களும் புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில் நெருக்கும். பின்னது விரைவானது, சுவர் கண்டால் தளரும். 2013இல் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷன் 4 பெட்டி 2.4 மட்டுமே அறியும். 2016இல் வந்த ஸ்லிம், ப்ரோ வகைகள் இரண்டையும் அறியும். பழைய பெட்டியில் 5இன் பெயர் தோன்றாவிடில் அது பழுதன்று. 2.4இல் 1, 6, 11 என்னும் தடங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. இவற்றுள் அண்டை வீட்டார் குறைவாகப் பயன்படுத்துவதை ரௌட்டரில் தேர்ந்துகொள்ளலாம்.

பீரோவின் பின்னிருந்த ரௌட்டரை நடுக்கூடத்து அலமாரியின் மேல் வைத்தோம். அடுத்த ஞாயிறன்று தங்கையின் படமும் ஓடிற்று. தந்தையும் மகனும் இடையறாது ஆடினர். எனினும் தங்கையின்மேல் கூறப்பட்ட குறையை முற்றிலும் தள்ளிவிடல் ஆகாது. ஆட்டத்திற்கு வேண்டிய தரவு சிறிது. ஆனால் அது உரிய கணத்தில் வந்து சேர வேண்டும். அந்நேரத்தில் பெரிய கோப்புகளை இறக்குவது எவராயினும், ஆட்டம் தடுமாறும்.

இவையெல்லாம் செய்தும் பயனில்லையேல், ரௌட்டரிலிருந்து பெட்டிக்கு ஈத்தர்நெட் கேபிள் இழுத்துவிடுவதே உறுதியான வழி. அது 100 மீட்டர் வரை செல்லும், எவ்வீட்டிற்கும் போதும்.

தொலைவில் உழைப்போர் உள்ள இல்லங்களில் இத்தகைய ஆட்டத்தை வீண்பொழுது என்று எளிதில் தள்ளிவிட வேண்டா. கடிந்துகொள்ளுமுன், பெற்றோர் பிள்ளைகளுடன் அரைமணி அமர்ந்து இச்சோதனைகளைச் செய்து பார்ப்பார்களாக.